பெயரும் பிழைப்பும் கலையும்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய காலத்தை அறிந்தோர் பெரட்டுக் களத்தை மறந்திரார். பொழுது புலருமுன்னரே ஆட்கள் அங்குக் கூடுவர். விளக்கொளியில் செக்குரோல் திறக்கப்படும். பெயர்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிடப்படும். பெயருக்குரியவர் குரல் கொடுப்பார். குரல் கொடுத்தவர்க்கு அன்று வேலை உண்டு. வேலைக்குக் கூலி உண்டு. அக்கூலியிலும் ஆணாள், பெண்ணாள் என்னும் வேறுபாடு இருந்தது. 1920களின் இறுதியில் அரசாங்கம் வரையறுத்த நாட்கூலி, முதன்மையான பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒருவர் ஆணா பெண்ணா என்பது அவர் பெயருக்கு நேரே விழும் காசையும் முடிவு செய்தது என்க.

அக்காலம் சென்றது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்சுந்தை முதலிய இடங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பட்டணக் கரைகளுக்குப் பெயர்ந்தன. ஆயினும் பெயர், பால், பிழைப்பு என்னும் மூன்றையும் பிணைத்த முடிச்சு மட்டும் அவிழ்ந்தபாடில்லை. மலேசியரின் அடையாள அட்டையில் 12 இலக்கங்கள் உள்ளன. இறுதி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பள்ளியிற் சேர்வதற்கும், வங்கியிற் கணக்குத் திறப்பதற்கும், வேலைக்கு மனுச் செய்வதற்கும் அந்த இலக்கம் முன்னே நடக்கிறது. ஆள் பின்னே நடக்கிறார்.

அவ்விலக்கம் ஒன்று சொல்ல, உள்ளம் வேறொன்று சொல்லும் பிறவியும் உலகில் உண்டு. ஆணென்று பதியப்பட்டுத் தம்மைப் பெண்ணென்றே உணர்ந்து வாழ்பவரை இன்று திருநங்கையர் என்கிறோம். பெண்ணென்று பதியப்பட்டு ஆணாய் வாழ்பவர் திருநம்பியர். இவர்தம் பெயரை எந்தச் செக்குரோலில் எழுதுவது? எந்த வேலைக்குக் கூப்பிடுவது? இவ்வினாவை நூல் வடிவில் தமிழுலகின் முன் வைத்தவருள் ஒருவர் லிவிங் ஸ்மைல் வித்யா. அவருடைய தன்வரலாறாகிய ‘நான் வித்யா’ 2007-ஆம் ஆண்டு கிழக்குப் பதிப்பக வெளியீடாக வந்தது. அப்பொழுது அவருக்கு அகவை இருபத்தைந்து.

பட்டமும் பிச்சையும்

வித்யா 1982-இல் பிறந்தவர், திருச்சிராப்பள்ளியில் வளர்ந்தவர். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட, உழைத்து உண்ணும் எளிய குடும்பம் அவருடையது. ஆண்பிள்ளைக்காக ஏங்கியிருந்த அக்குடும்பத்தில் ஆண்பிள்ளை என்றே வரவேற்கப்பட்டார். பிள்ளையை மாவட்ட ஆட்சித் தலைவராகக் காண வேண்டுமென்பது தந்தையின் ஆசை. படிப்பிற் சற்றே பின்தங்கினாலும் கடுமையான கண்டிப்பு. தன் தலைமுறையின் தாழ்வெல்லாம் பிள்ளையின் புத்தகப் பையால் நீங்கிவிடும் என்று நம்பும் தந்தையைத் தோட்டப் பள்ளி ஆசிரியர் எவரும் கண்டிருப்பர். அதனால் இப்பகுதியை அவர்கள் வேற்றுநாட்டுக் கதையாகப் படிக்க இயலாது.

வீட்டில் எவரும் இல்லாதபோது அக்காளின் பாவாடையை உடுத்து ஆடிப் பார்த்த பிள்ளை அது. கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றபின், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்று முதுகலைப் பட்டமும் பெற்றார். நாடகத்தின்பால் அவருக்கிருந்த பற்றும் அங்கே வலுப்பெற்றது. அவன், அவள் என்னும் சொற்களைப் பகுதி விகுதி பிரித்து ஆராயும் துறையிற் பயின்ற ஒருவர், அவ்விரண்டனுள் தமக்குரியது எது என்று ஊருக்குச் சொல்லத் திகைத்து நின்றார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பட்டம் பெற்றார், வேலை கிடைக்கவில்லை. ஆணாக நடித்தால் வேலை கிடைக்கலாம். பெண்ணாக வாழ்ந்தால் கிடையாது. இந்த நிலையில் வீட்டை விட்டுப் புனே நகர் சென்று திருநங்கையர் குழுவிற் சேர்ந்தார். அக்குழுவினர்க்கு உலகம் ஒழித்துவைத்த தொழில் இரண்டே. ஒன்று, கடைகடையாகச் சென்று காசு கேட்பது; அதனைக் ‘கடை கேட்டல்’ என்பர். மற்றொன்று உடலை விற்பது. வித்யா முன்னதை மேற்கொண்டார். இரயில் பெட்டிகளிற் கைதட்டிக் காசு கேட்டுச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். பின்னர் ஆந்திரத்துக் கடப்பைக்குச் சென்று அறுவை செய்துகொண்டார்.

கைதட்டிக் காசு கேட்போரைக் கண்டு முகஞ்சுளிப்பவர் பலர். அக்கைகளுள் ஒன்று மொழியியலில் முதுகலைப் பட்டச் சான்றிதழ் வாங்கிய கை என்பதை அவர்கள் அறிவரோ? உழைக்க மனமின்றி இரக்கிறார்கள் என்பது எளிதாகச் சொல்லத்தக்க பழி. உழைக்க வந்தவரை வாயிலில் நிறுத்தித் திருப்பியனுப்பியவர் யார் என்பதே கேட்கத்தக்க கேள்வி. வித்யாவின் நூல் இரக்கத்தை வேண்டி நிற்கவில்லை. வேலையை வேண்டி நிற்கிறது. நூலை ஊன்றிப் படிப்பார்க்கு இது தெளிவாகப் புலனாகும்.

அவ்வேலை கடைசியில் மதுரையிற் கிடைத்தது. சிறுகடன் வழங்கும் நிறுவனம் ஒன்றில், கணினியிற் கணக்கு விவரங்களைப் பதியும் பணி. பெரும்பதவியன்று, பெருஞ்சம்பளமும் அன்று. ஆனால் வித்யா என்ற பெயருக்கு நேரே மாதந்தோறும் சம்பளம் விழுந்தது. வாடகைக்கு வீடு தேடி அலைந்தது, பெயர் மாற்றத்தை அரசாங்க ஏட்டில் ஏற்றுவதற்காக அலுவலகம் அலுவலகமாக நடந்தது போன்ற அன்றாடச் செய்திகளே நூலின் பிற்பகுதியை நிறைக்கின்றன. வீரச்செயல்களைத் தேடிப் படிப்பார்க்கு அப்பகுதி சப்பென்றிருக்கலாம். உண்மையில் நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் தம் பெயரில் ஒரு நாற்காலியில் அமர்ந்து மாலைவரை வேலை செய்து வீடு திரும்புவது எத்துணைப் பெரிய பேறு என்பதை, அப்பேறு பிறக்கும்போதே வாய்த்தவர் உணர்வதில்லை.

அவனல்லன், அவள்

நூல் ஆங்கிலம், கன்னடம் முதலிய மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. கன்னடத்தில் அது திரைப்படமாகவும் ஆயிற்று. லிங்கதேவரு இயக்கி 2015-இல் வெளிவந்த அப்படத்தின் பெயர் ‘நானு அவனல்ல அவளு’. தமிழில் ‘நான் அவனல்லன், அவள்’ என்பதாம். கன்னட மொழியும் தமிழும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஆதலின், ஒரு வாழ்க்கை முழுவதையும் இரண்டு சுட்டுப் பெயர்களுக்குள் அடக்கிச் சொல்ல முடிந்தது. மலாய் மொழியில் இது கைகூடாது. அங்கே ‘டியா’ என்ற ஒரே சொல் ஆணையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். சிலாங்கூரில் வளரும் தமிழ்ப்பிள்ளை தன் தோழனைப் பற்றி மலாயிற் பேசும்போது பால் பிரிக்க வேண்டியதில்லை. தமிழிற் பேச வாயெடுத்தால், வந்தான் என்பதா, வந்தாள் என்பதா என்று வினைமுற்றிலும் பிரித்தாக வேண்டும். ‘வந்தார்’ என்னும் மரியாதைப் பன்மை ஒன்றே பாலைக் காட்டாது. ஆனால் அம்மரியாதையைச் சிறுவர்க்கும் ஏழைகட்கும் நாம் எளிதில் வழங்கிவிடுவதில்லை.

பாலை வினைமுற்றிலும் வற்புறுத்தும் தமிழ், இரு பாலுக்கும் இடைப்பட்டவரைப் பற்றி யாது கூறுகிறது? ஆசிரியர் பெருமக்கட்கு இவ்வினா புதிதன்று. ஆயினும் மறுபடி எடுத்துப் பார்ப்பது தகும்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே இதனை எடுத்துக்கொள்கிறார். ஆண்மை திரிந்து பெண்மை சுட்டும் பெயரை அவர் உயர்திணையில் வைக்கிறார். அவர்க்கெனத் தனி விகுதி தமிழில் இல்லையென்றும், உயர்திணைக்குரிய பால் விகுதிகளே அவர்க்கும் வருமென்றும் விதிக்கிறார். அதே இயலில் மற்றொரு நூற்பாவில், அப்பெயர் ஆண்பாலை உணர்த்தும் சொல்லோடு முடிதற்கு இடமில்லை எனவும் வரையறுக்கிறார். உரையாசிரியர்கள் ‘பேடி வந்தாள்’ என்று எடுத்துக்காட்டுவர். ‘பேடி வந்தான்’ என்பது வழு. ஆணாய்ப் பிறந்தாள் என்பது கொண்டு ஆண்பால் முடிபு கொடுத்தல் தமிழிலக்கணப்படி பிழை என்பது இதன் கருத்து. கன்னடத் திரைப்படம் இருபத்தோராம் நூற்றாண்டில் தலைப்பாக வைத்ததை, தொல்காப்பியம் விதியாகவே வைத்திருந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார் மற்றொரு நுட்பத்தைச் சேர்க்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால்; ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் எனப் பெயரியலில் வகுக்கிறார். ‘அவாவுதல்’ என்ற சொல்லை நோக்குக. பால் எது என்று முடிவு செய்ய அவர் உடலைச் சோதிக்கச் சொல்லவில்லை. ஒருவர் எதனை விரும்பி நிற்கிறார் என்று பார்க்கச் சொல்கிறார். அதே நூற்பாவின் இறுதியில் இவ்விருவரும் அஃறிணையை ஒத்தும் வருவர் என ஒரு வழியைத் திறந்து விடுவதும் உண்மையே. அதை மறைப்பது நேர்மையாகாது. தொல்காப்பியர் உயர்திணையில் வைத்தவரைப் பிற்காலம் அஃறிணையின் வாயில்வரை கொண்டு நிறுத்தியது. ஏளனமாக ‘அது’ என்று சுட்டும் இன்றைய தெருவழக்கு பவணந்தியாரிடம் கற்றதன்று. என்றாலும் அவ்வீழ்ச்சியின் அடிச்சுவடு இலக்கணத்திலேயே தெரிகிறது.

இலக்கியமும் இவர்களை மறந்ததில்லை. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்று பேடு. வாணாசுரன் நகரில் சிறைப்பட்ட தன் மகனை மீட்கக் காமன் பேடி வடிவங்கொண்டு ஆடிய கூத்து அது. மணிமேகலையிலும் புகார்த் தெருவில் பேடிக்கூத்தை மக்கள் சூழ்ந்து நின்று பார்க்கும் காட்சி உண்டு. பாரதத்தில் அருச்சுனன் விராடன் அரண்மனையில் பிருகந்நளையாக ஓராண்டு கழித்தான். அங்கு அவனுக்குத் தொழில் அரசமகளுக்கு ஆடல் கற்பித்தல். கதையானாலும் கவனிக்கத்தக்க ஒரு செய்தி இதிலுண்டு. விராடன் அவ்வடிவில் வந்தவரை வாயிலில் நின்று இரக்கச் சொல்லவில்லை. ஆசிரியர் வேலை கொடுத்தான்.

வேடத்திற்கு மாலை

மேடை இவ்வகையில் வேடிக்கையானது. பெண்கள் மேடையேறத் தயங்கிய காலத்தில் தமிழ் நாடகத்தின் பெண்வேடங்களைப் பெரிதும் ஆண்களே தாங்கினர். அவ்வேடத்தை ஸ்திரீபார்ட் என்பர். சங்கரதாச சுவாமிகள் மரபில் வந்த பாலர் குழுக்களில் இது வழக்கம். டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்த சிறப்பால் ஔவை சண்முகம் என்றே நிலைத்தார். சிவாஜி கணேசன் இளமையில் சீதையாக நடித்தவர். சிலாங்கூர்த் தோட்டங்களிலும் திருவிழா இரவுகளில் பவளக்கொடி, அரிச்சந்திரன் போன்ற நாடகங்கள் நடந்தபோது, பகலில் பால்வாளி தூக்கிய தோள்களே இரவிற் சேலை சுமந்தன. சந்திரமதியின் புலம்பல் கேட்டுக் களமே அழுதது. மாலை போட்டார்கள், வெள்ளிக்காசு குத்தினார்கள்.

மறுநாட் காலை ஒருவன் அதே நடையோடு பெரட்டுக்கு வந்தால்? அங்கே மாலையில்லை, நகைப்புண்டு. ஆக, பெண்மை பூண்ட ஆணைத் தமிழர் வெறுத்தனர் எனல் பொருந்தாது. அது நடிப்பாக இருக்கும்வரை போற்றினர், உண்மையானபோது தாங்கவில்லை.

கன்னடப் படத்திலும் இதன் நிழல் விழுகிறது. வித்யாவின் வேடத்தைத் தாங்கியவர் சஞ்சாரி விஜய் என்னும் ஆண் நடிகர். அவர்க்கு இந்தியாவின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. 2021-இல் விபத்தொன்றில் இளவயதிலேயே மறைந்த அக்கலைஞரின் திறமையில் குறைகாண்பதற்கில்லை. வேலை மறுக்கப்பட்ட ஒருத்தியின் கதையைப் படமாக்கியபோதும் அந்த முதன்மை வேலை ஒரு திருநங்கைக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும் நெருடுகிறது. அவ்வேடத்திற்கு ஏற்ற திருநங்கை நடிகை இருந்தாரா என்று சிலர் கேட்கலாம். மேடைக்கே விடாமல் வைத்துவிட்டு மேடைப் பழக்கமுண்டா என்று கேட்பது முறையன்று.

வித்யாவோ மேடையை விடவில்லை. நாடகங்களில் நடித்தார். மிஷ்கின் இயக்கிய ‘நந்தலாலா’ படத்தில் உதவி இயக்குநராகப் பணியாற்றினார். உதவித்தொகை பெற்று இலண்டன் சென்று நாடகப் பயிற்சி பெற்றார். திரும்பியபின் தோழர் இருவருடன் கூடிச் சென்னையிற் ‘பன்மை’ என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினார். திருநங்கையரும் திருநம்பியரும் தம் கதையைத் தாமே எழுதித் தாமே நடித்த குழு அது. பன்மை என்னும் பெயரையும் ஆசிரியர்கள் கவனிப்பார்களாக. ஆண்பால், பெண்பால் என்னும் இரண்டையும் விட்டுப் பலர்பாலை எடுத்துக்கொண்ட பெயர். மொழியியல் கற்றவர் இருந்த குழுவுக்கு அது பொருத்தமே. பின்னாளில் அவர் சுவிட்சர்லாந்திற் குடியேறி அங்கும் மேடைப் பணியைத் தொடர்ந்தார்.

இவர் ஒருவரே எழுதியவர் அல்லர். ரேவதி என்னும் எழுத்தாளர் திருநங்கையர் பலரின் வாழ்க்கையைக் கேட்டுத் தொகுத்து ‘உணர்வும் உருவமும்’ என்ற நூலைத் தந்தார். பின்பு ‘வெள்ளை மொழி’ என்னும் தம் வரலாற்றையும் எழுதினார். 2019-இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியப் பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில் பெண் எழுத்தாளர் பெயர்களைத் தாங்கிய பதாகை ஒன்று தொங்கவிடப்பட்டது. அதில் டோனி மாரிசன் முதலியோர் பெயர்களுடன் ரேவதியின் பெயரும் இருந்தது. தமிழிலக்கிய வகுப்புகளில் இவர்கள் நூல்கள் எத்துணை நுழைந்துள்ளன என்பது வேறு செய்தி.

சொல் மாறிய வரலாறு

இவர்களைக் குறிக்க ஊரில் வழங்கிய சொற்களை இங்கு எழுதத் தயக்கமாயிருக்கிறது. எனினும் எழுதாமல் விளங்காது. அலி என்றார்கள், ஒன்பது என்றார்கள், மலேசியத் தமிழர் மலாய்ச் சொல்லைக் கடன்வாங்கிப் பொண்டான் என்றும் சொல்வதுண்டு. இவை பெயர்களல்ல, எறியப்படும் கற்கள். 1990களில் அரவாணி என்ற சொல் பரவியது. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில் சித்திரை முழுநிலவையொட்டி நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவில், அரவானுக்கு மனைவியராகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாளே அதை அறுத்து அழும் வழக்கத்தினின்று பிறந்த சொல் அது. இழிசொல்லை நீக்கிய நன்மை அதற்குண்டு. ஆயினும் ஒருநாள் மணமும் மறுநாட் கைம்மையும் ஒருவரின் பெயராய் நிலைத்துவிடுவது நன்றோ? திருநங்கை என்னும் சொல் வந்து அதனை அகற்றியது முறையே. நங்கை என்பது பழஞ்சொல். திரு என்பது மதிப்பு. இரண்டும் சேர்ந்தபோது அரசாங்கமும் ஏட்டில் எழுதக் கூசாத பெயர் கிடைத்தது.

தமிழ்நாட்டில் 2008-இல் இவர்கட்கென நல வாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15-ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம், ஒருவர் தம் பால் இன்னதெனத் தாமே உரைக்கும் உரிமையை ஒப்புக்கொண்டது. பவணந்தியாரின் ‘அவாவுதல்’ நினைவுக்கு வருகிறதன்றோ? 2019-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்குமெனத் தீர்ப்பளித்தது. சொற்பொருள் காண்பது உரையாசிரியர் தொழில் மட்டுமன்று, நீதிபதியின் தொழிலும் ஆகிவிட்டது. உயர்நீதிமன்றம் தூண்டியதன்பேரில், இவ்வகை மக்கள் அனைவரையும் மதிப்போடு குறிக்கத்தக்க சொற்களின் பட்டியலொன்றைத் தமிழ்நாட்டரசு 2022-இல் வெளியிட்டது. தன்பால் ஈர்ப்புடையோர் உட்பட இவர்களையெல்லாம் ஒருங்கே சுட்டப் பால்புதுமையர் என்னும் சொல்லும் இப்பொழுது எழுத்தில் வழங்கி வருகிறது. புதுமை எனல் பொருந்துமா, தொல்காப்பியர் காலத்தே இருந்த பழமையன்றோ என்று புலவர்கள் வாதிடலாம். வாதிடுவதால் சொல் வளரும்.

மலேசியாவில் வழி இவ்வளவு திறந்திருக்கவில்லை. 2005-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், அறுவை செய்துகொண்ட ஒருவரின் அடையாள அட்டையைத் திருத்துமாறு ஆணையிட்டதுண்டு. பிற வழக்குகள் அவ்வாறு முடியவில்லை. சட்டத்தின் செய்தி அவ்வளவே.

பள்ளியின் செய்தி வேறு. அங்கே நீதிமன்றம் இல்லை. வரவுப் பதிவேடும் ஆசிரியர் நாவும் உள்ளன. கோலாட்டப் பயிற்சியின்போது பெண்பிள்ளைகளின் வரிசையில் நிற்க விரும்பும் சிறுவனைக் காணாத ஆசிரியர் இரார். குரல் மென்மையாக இருக்கும். கையெழுத்து முத்துப்போல் இருக்கும். பந்தாடுமிடத்தில் ஒதுங்கி நிற்பான். அவர்களெல்லாம் திருநங்கையர் என்று கொள்வது பேதைமை. பெரும்பாலார் அல்லர். அதை முடிவுகட்டும் பொறுப்பும் ஆசிரியர்க்கு இல்லை. வகுப்பில் ஒருவன் ‘ஒம்போது’ என்று கத்தும்போது மற்றவர் சிரிக்கிறார்கள். அந்நேரத்தில் ஆசிரியரும் புன்னகைத்தாரா, இல்லையா என்பதே அச்சிறுவன் நெஞ்சில் தங்கும். ஆசிரியர் புன்னகைத்துவிட்டால் பட்டப்பெயர் உறுதியாகிவிட்டது. பதிவேட்டிலுள்ள பெயர் செத்துவிட்டது. அவன் அடுத்த ஆண்டு பள்ளிக்கு வராமற் போவதற்குக் காரணம் வறுமை என்று எழுதிக்கொள்வோம்.

பெற்றோர் தின நாடகத்தில் கண்ணகி வேடத்திற்கு அவனை அழைத்துக் கைதட்டும் அதே பள்ளி, மறுநாள் அவனைப் பாதுகாக்க மறந்துவிடுவதும் உண்டு. மேடையைப் பற்றி மேலே சொன்னது பள்ளி மேடைக்கும் பொருந்தும். நாடகம் பயிற்றும் ஆசிரியர்கள் இதனை உன்னவேண்டும். அப்பிள்ளையின் திறமை ஓர் இரவுக் கேளிக்கைக்கு மட்டும் பயன்பட்டு, படிப்புக்கும் தொழிலுக்கும் வழியாகாமற் போனால், புனே இரயில்பெட்டிக்கு அனுப்பிய பழியில் பள்ளிக்கும் பங்குண்டு.

ஆசிரியர் இட்ட பெயர்

இதற்கு நேர்மாறான வரலாறும் ஒன்றுண்டு. மதுரையில் பிறந்த நடராஜ் என்னும் பிள்ளைக்கு இளமையிலேயே ஆடலில் தீராத வேட்கை. உள்ளத்தாற் பெண்ணான அப்பிள்ளைக்கு வீடும் ஊரும் துணைநிற்கவில்லை. சக்தி என்னும் தோழி ஒருவரே துணை. கோவில் விழாக்களிலும் திரைப்படங்களிலும் கண்ட ஆட்டங்களைத் தாமே ஆடிப் பழகினர். முறையாகப் பயில விரும்பி, 1980களில் தஞ்சை சென்று கே. பி. கிட்டப்பா பிள்ளையை அடுத்தனர்.

கிட்டப்பா பிள்ளை எளிய நட்டுவனார் அல்லர். 1913-இல் பிறந்தவர், பரதநாட்டியத்தின் இன்றைய கச்சேரி முறையை வகுத்த தஞ்சை நால்வரின் வழித்தோன்றல். பெயர்பெற்ற நடனமணிகள் பலர்க்கு ஆசான். அத்தகைய பெரும்பரம்பரைக்காரர், ஊர் நகைத்து ஒதுக்கிய பிள்ளைகளை ஏற்பாரா? உடனே ஏற்கவில்லை, காத்திருக்கச் செய்தார். அவர்கள் ஓராண்டு காத்திருந்தனர். பின் ஏற்றுக்கொண்டார். குருகுல முறையில் நெடுங்காலம் தஞ்சை மரபின் உருப்படிகளைக் கற்பித்தார். தம் உதவியாளராகவும் வைத்துக்கொண்டார். வித்யா மொழியியல் கற்ற அதே தமிழ்ப் பல்கலைக்கழகத்தில், அவர்க்குப் பல்லாண்டு முன்னரே இவர் ஆசானுக்குத் துணையாக நடனம் பயிற்றினார்.

ஈண்டு ஆசிரியர்கள் நின்று நோக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. நர்த்தகி என்னும் பெயரை இட்டவர் கிட்டப்பா பிள்ளையே. ஆடற்பெண் என்பது அதன் பொருள். பாலும் தொழிலும் கலையும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. சட்டமும் வாரியமும் தீர்ப்பும் வருமுன்னரே, எண்பதுகளின் தஞ்சையில், ஓர் ஆசிரியர் தம் மாணவியை அவள் விரும்பிய பாலில் அழைத்தார். அவ்வாறு அழைக்க அவர்க்கு எந்த ஆணையும் தேவைப்படவில்லை. நாயகி பாவத்தில் அம்மாணவி காட்டிய தனித்திறனையும், தமிழ்ப் பாடல்களை ஆடலாக்குவதில் பின்னாளில் அவர் பெற்ற பெயரையும் நாட்டியம் அறிந்தோர் எடுத்துரைப்பர். 2021-இல் தமிழ்நாட்டு அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவிலும் அவர் உறுப்பினராக அமர்த்தப்பட்டார்.

கிட்டப்பா பிள்ளை 1999-இல் மறைந்தார். இருபதாண்டு கழித்து, 2019-இல் புதுதில்லிக் குடியரசுத் தலைவர் மாளிகையில் பத்மஸ்ரீ விருது பெறுவோரின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிடப்பட்டன. அங்கே கூப்பிடப்பட்டது அவர் இட்ட பெயர்.